வராத முஸ்லிமும் வந்திருந்த முஸ்லிமும்

1788 ஜூலை மாதம். வட கரோலினா மாநிலத்தின் ஹில்ஸ்பரோ நகரில் மக்கள் பிரதிநிதிகள் கூடியிருந்தனர். முந்தைய ஆண்டு ஃபிலடெல்ஃபியாவில் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பை ஏற்பதா, வேண்டாமா என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. அந்த அவையில் எழுந்த ஓர் ஐயம் நம் கவனத்திற்குரியது: ஒரு முஸ்லிம் இந்நாட்டின் அதிபராகிவிட்டால்?

ஐயத்திற்குக் காரணம் அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு. எந்தக் கூட்டாட்சிப் பதவிக்கும் மதத்தைத் தகுதியாகக் கோரலாகாது என்று அது விதித்தது. அக்காலத்தில் அது துணிவான விதி. வட கரோலினாவின் 1776ஆம் ஆண்டு மாநிலச் சட்டமோ, புராட்டஸ்டண்ட் மதத்தின் உண்மையை மறுப்போருக்குப் பதவியில்லை என்றிருந்தது. எனவே வில்லியம் லங்காஸ்டர் என்னும் பிரதிநிதி, நானூறு, ஐந்நூறு ஆண்டுகளில் கத்தோலிக்கரோ முஸ்லிமோ அந்த நாற்காலியில் அமரக்கூடும் என்று அஞ்சினார். பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான ஜேம்ஸ் ஐர்டெல் மறுமொழி கூறினார்: ஒரு சாராரை விலக்கினால் மதச் சுதந்திரம் என்னும் அடிப்படையே இல்லாமற் போகும். ஆனால் மக்கள் தம் மதத்திற்கு மாறானவரைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்றும் அவர் ஆறுதல் சொன்னார்.

வர்ஜீனியாவில் 1786இல் நிறைவேறிய மதச் சுதந்திரச் சட்டத்தை வரைந்த தாமஸ் ஜெஃபர்சனும், அதன் பாதுகாப்பு யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து அனைவருக்கும் உரியது எனப் பிற்காலத்தில் எழுதினார். சட்டம் பயின்ற இளமையில், 1765இல், அவர் குர்ஆனின் ஆங்கில மொழிபெயர்ப்பை விலைக்கு வாங்கியிருந்தார்.

இவர்கள் பேசிய முஸ்லிம், என்றோ வரக்கூடிய ஒருவர். உண்மையில் முஸ்லிம்கள் ஏற்கெனவே அங்கு வந்திருந்தனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலின் அடித்தளத்தில், விலங்கிடப்பட்டு வந்திருந்தனர். அதே அரசியலமைப்பு, பிரதிநிதிகளின் எண்ணிக்கையை வகுக்கையில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டது. 1808 வரை அடிமை இறக்குமதியைத் தடை செய்யலாகாது என்றது. தப்பியோடியவரைத் திருப்பி ஒப்படைக்கவும் பணித்தது.

அந்தக் கெடு முடியும் தறுவாயில், 1807இல், சிறைப்பட்டவர் உமர் இப்னு சஈத். இன்றைய செனகல் பகுதியின் ஃபூத்தா தோரோவில் பிறந்து, இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி தேடியவர். சார்ல்ஸ்டனில் விற்கப்பட்ட அவர், கொடிய எஜமானனிடமிருந்து தப்பி, 1810 வாக்கில் வட கரோலினாவின் ஃபயட்வில்லை அடைந்தார். தொழுவதற்காக ஒரு கட்டடத்தினுள் நுழைந்தவரைப் பிடித்துச் சிறையிலிட்டனர். சிறைச் சுவர்களில் அவர் அரபியில் எழுதினார். அந்த எழுத்தைப் படிக்க அங்கு எவருமில்லை.

ஹில்ஸ்பரோவில் தயங்கிய வட கரோலினா, 1789 நவம்பரில் அரசியலமைப்பை ஏற்றுக்கொண்டது இதே ஃபயட்வில்லில்தான். முஸ்லிமும் அதிபராகலாம் என்ற சட்டத்தை ஒப்பிய ஊர், இருபது ஆண்டுகள் கழித்துத் தன் வாசலுக்கு வந்த முஸ்லிமைத் தப்பியோடிய உடைமையாகவே கண்டது.

பின்னர் உமரை வாங்கிய ஜேம்ஸ் ஓவன் அமெரிக்கக் காங்கிரஸின் உறுப்பினராக இருந்தவர். அவருடைய சகோதரர் ஜான் ஓவன் மாநில ஆளுநரானவர். அவர்கள் கனிவாக நடத்தியதாக உமரே எழுதியுள்ளார். எனினும் விடுதலை தரவில்லை. 1860களில் அடிமையாகவே அவர் இறந்தார். இடையில் அவர் ஞானஸ்நானம் பெற்றதாகவும் பதிவுண்டு. நிர்ப்பந்தத்தில் வாழ்ந்த ஒருவரின் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். நாம் அறிவது, 1831இல் அவர் அரபியில் எழுதிய தன்வரலாறு ஸூரத்துல் முல்க்குடன் தொடங்குகிறது என்பதே. ஆட்சியும் உடைமையும் அல்லாஹ்வின் கையில் என்று தொடங்கும் ஸூரா அது. உறங்குமுன் நம் இல்லங்களில் ஓதப்படும் அதே ஸூராவைத்தான், மனிதர்களால் உடைமையாக்கப்பட்ட ஒருவர் தம் வாழ்க்கைக் கதையின் முகப்பில் வைத்தார்.

ஐர்டெலின் வாதத்தை நாம் சிறுமைப்படுத்தவில்லை. அது நல்ல வாதம். ஆனால் தொலைவிலிருப்பவருக்கு உரிமை வழங்குவது எளிது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவருக்கு வழங்குவதே சோதனை. இது அமெரிக்கருக்கு மட்டுமான பாடமன்று. சமத்துவத்தைப் பற்றி மேடைகளில் அழகாகப் பேசும் நாம், நம் வீட்டிலும் கடையிலும் உழைப்பவரின் கூலியையும் கண்ணியத்தையும் எவ்வாறு பேணுகிறோம்? நீதியில் நிலைத்திருக்க வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.