கவ்லானா கிராமத்துச் சிறுவன்

பரோடாவை ஆண்ட கெய்க்வார் வம்சத்திலே மல்ஹர்ராவ் மகாராஜாவின் காலம் எத்தனை அலங்கோலமாக முடிந்தது என்பதற்கு, 1874 நவம்பரில் ஆங்கிலேய ரெஸிடெண்ட் கர்னல் பேயர் அருந்தவிருந்த பம்பளிமாஸ் சர்பத்தில் விஷம் கலந்ததாக எழுந்த வழக்கே போதிய சாட்சியாகும். விசாரித்த அறுவருள் ஆங்கிலேயர் மூவரும் மகாராஜாவின் மீது குற்றம் சாட்ட, குவாலியர், ஜெய்ப்பூர் மன்னர்களும் ஸர் தின்கர்ராவும் அது ருசுவாகவில்லை என்று உரைத்தார்கள். ஆயினும் துர்ஆட்சி என்ற வேறு காரணத்தைக் காட்டி, 1875 ஏப்ரலில் அவரைச் சிங்காசனத்தினின்றும் இறக்கிச் சென்னைக்கு அனுப்பிவிட்டது பிரிட்டிஷ் சர்க்கார்.

முந்தைய மன்னர் கண்டேராவின் விதவையான ஜம்னாபாய் மகாராணி, வம்சத்தின் ஏழைக் கிளையொன்று பயிர்த்தொழில் செய்து வாழ்ந்த நாசிக் ஜில்லாவின் கவ்லானா கிராமத்திலிருந்து கோபாலராவ் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவனை ஸ்வீகாரம் எடுத்துக்கொண்டாள். எதற்காக வந்தாய் என்று வினவியபோது, ராஜ்யம் ஆளவே வந்தேன் என்று அவன் தயங்காமல் விடை பகர்ந்ததாகச் சொல்வார்கள். ஸாயாஜிராவ் என்ற பெயருடன் முடிசூடிய அவனுக்கு அதுவரை எழுத்தறிவு என்பதே இல்லை.

எலியட் துரையிடம் அவன் பாடம் கற்றுவந்த ஆண்டுகளில், சீர்குலைந்த கஜானாவையும் நீதி ஸ்தலங்களையும் ஒழுங்குபடுத்தும் பாரத்தைச் சுமந்தவர், கும்பகோணத்தில் பிறந்து, திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்து பேரெடுத்த ஸர் டி. மாதவராவ் ஆவார். 1881 டிசம்பரில் பூரண அதிகாரம் பெற்ற மகாராஜா அந்த அஸ்திவாரத்தின்மீதே தம் ஆட்சியை எழுப்பினார்.

பன்னிரண்டு வயதுவரை பள்ளியறியாத அம்மன்னர், 1893-ல் அம்ரேலி வட்டாரத்திலும், 1906-ல் சமஸ்தானம் முழுவதிலும் ஆரம்பக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் ஆக்கினார். 1910 முதல் கிராமங்கள்தோறும் நூல் நிலையங்கள் பரவ வழி செய்தார். அம்பேத்கர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலைக்குச் சென்று பயிலவும் பொருளுதவி அளித்தார். கட்டாயக் கல்விக்காக கோகலே கொணர்ந்த மசோதாவை 1912-ல் தோற்கடித்த பிரிட்டிஷ் இந்தியாவுக்கு, அதன் மேலாதிக்கத்துக்கு உட்பட்ட ஒரு சமஸ்தானம் இவ்வாறு முன்னோடியாக நின்றது. ரெஸிடெண்டின் தயவால் அரியணை ஏறியவர் ரெஸிடெண்டின் கைப்பாவையாக இருந்தாரில்லை என்பதே ஸாயாஜிராவின் பெருமை.

1911-ல் டில்லி தர்பாரிலே ஜார்ஜ் சக்கரவர்த்திக்கு அவர் வணக்கம் செலுத்திய விதம் பெருங் கொந்தளிப்பை எழுப்பிய வரலாற்றை அடுத்த இதழில் காண்போம்.