கொக்கினா

கொக்கினா என்பது அமெரிக்காவின் புளோரிடா மாநிலக் கிழக்குக் கரையில் கிடைக்கும் மென்மையான சிப்பிச் சுண்ணாம்புக்கல். அக்கரையின் ஈரமணலில் வாழும் டோனாக்ஸ் இனச் சிறு மட்டிக்கும் இதே பெயர்தான். விரல் நகத்தளவே உள்ள இம்மட்டி வெள்ளை, மஞ்சள், ஊதா எனப் பல நிறங்களில் காணப்படும். அலை மணலைப் புரட்டும்போது வெளியே வந்து சற்று உருளும். உடனே தசைக்காலை நீட்டி மீண்டும் புதைந்துகொள்ளும். கடல் ஏறும்போது மேட்டுக்கும் வற்றும்போது பள்ளத்துக்கும் இப்படியே இடம் மாறுகிறது.

பிளைஸ்டோசீன் காலத்தில் இத்தகைய மட்டிகளின் ஓடுகள் மணலோடு கரையில் குவிந்தன. மழைநீர் ஊறி இறங்கி ஓட்டுச் சுண்ணத்தைக் கரைத்தது. அந்தச் சுண்ணமே மறுபடி படிந்து குவியலைக் கல்லாக இறுக்கியது.

ஸ்பானியர் 1565இல் இக்கரையில் நிறுவிய செயின்ட் அகஸ்டின் நகரில் மரக்கோட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. 1668இல் கடற்கொள்ளையர் நகரைச் சூறையாடினர். 1670இல் ஆங்கிலேயர் வடக்கே சார்லஸ்டனில் குடியேறினர். அதன் பிறகே, 1672இல், கஸ்தியோ தெ சான் மார்கோஸ் என்னும் கற்கோட்டையின் வேலை தொடங்கியது. எதிரேயுள்ள அனஸ்தாசியா தீவில் கல்லை வெட்டி, விரிகுடாவைக் கடந்து கொண்டுவந்தனர். வெட்டிய புதிதில் ஈரக்கல் மிருதுவாக இருக்கும். நெடுநாள் காற்றில் உலர்ந்தால்தான் இறுகும். சாந்துக்கு ஆளி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தனர். இந்தக் கடும் உழைப்பில் பெரும்பங்கு திமுக்குவா, குவாலே, அபலாச்சி பழங்குடியினருடையது. கோட்டையின் வரலாற்றில் ஆளுநர்களுக்கும் பொறியாளர்களுக்கும் முன்னால் நிற்க வேண்டியவர்கள் இவர்களே. முதன்மைக் கட்டுமானம் 1695இல் முடிந்தது.

1702இல் ஆங்கிலேயரின் கரோலினா ஆளுநர் ஜேம்ஸ் மூர் முற்றுகையிட்டபோது சுமார் 1,500 பேர் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தனர். நகரம் எரிந்தது, கோட்டை விழவில்லை. 1740இல் ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் ஓகல்தார்ப்பின் பீரங்கிகளும் தோற்றன. கெட்டிக்கல்லாக இருந்தால் அடிபட்டு விரிசல் ஓடியிருக்கும். கொக்கினாவிலோ குண்டு பட்ட இடத்தில் ஓடுகளுக்கிடையிலுள்ள வெற்றிடங்கள் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொண்டன. குண்டு சுவருக்குள் புதைந்து நின்றது. கல்லின் மென்மையே நகரைக் காத்தது.

ஆனால் அதே மென்மையால் மழையும் உப்புக்காற்றும் மனிதக் கால்களும் இக்கல்லை எளிதில் தேய்த்துவிடுகின்றன. ஒரு காலத்தில் சுவர்களை மூடியிருந்த வெள்ளைச் சுண்ணப்பூச்சு பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. 1924இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இக்கோட்டைக்குச் செல்வோர் சுவர்களின் மீது ஏறவோ உட்காரவோ கூடாது.