கதிரிலிருந்து மூச்சு வரை

புரட்டாசி மழையை நம்பி வேப்பந்தட்டை, குன்னம் பக்கத்துக் கரிசல் காடுகளில் மக்காச்சோளம் விதைக்கிறார்கள். பெரும்பாலும் மானாவாரிதான். காற்றிலுள்ள கரியமில வாயுவை இலை இழுத்துக்கொள்ள, பயிர் அதை வெயிலின் துணையோடு மாவுச்சத்தாக்கிக் கதிரில் சேர்க்கிறது. கதிரடித்துக் கட்டிய மூட்டைகள் லாரியேறி நாமக்கல் போய்க் கோழித்தீவனமாகின்றன. அங்கிருந்து சோளம் முட்டையாகவும் கறியாகவும் நம் தட்டுக்கு வருகிறது.

தேவைக்கு மிஞ்சியதை உடம்பு வீணாக்காது. கொழுப்பாக மாற்றி, தோலுக்கடியிலும் குடலைச் சுற்றியும் அடுக்கிவிடும். அங்கே அது வருடக்கணக்கில் தங்கலாம்.

எடைக் குறைப்பு ஆபரேஷனில் டாக்டர் இந்தக் கொழுப்பைத்தான் வெட்டி எடுக்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை நீக்கி, மீதியை ஒரு குழாயாக்குகிறார்கள். சேர்ந்த கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் 1999இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டறிந்த கிரெலின் என்ற பசி ஹார்மோன், நீக்கிய அந்தப் பகுதியில்தான் அதிகம் சுரந்துகொண்டிருந்தது. பசி அடங்குகிறது. சாப்பாடு சீக்கிரமே சிறுகுடலை எட்டுவதால் ஜிஎல்பி-1 என்ற குடல் ஹார்மோன் கூடி, கொஞ்சத்திலேயே வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. வரவு சுருங்கியதும் உடம்பு தன் சேமிப்பில் கை வைக்கிறது.

அந்தக் கொழுப்பு எங்கே போகிறது? வியர்வையில் என்பார்கள், மலத்தில் என்பார்கள். ஆஸ்திரேலியாவின் ரூபன் மீர்மனும் ஆண்ட்ரூ பிரவுனும் 2014இல் கணக்கிட்டுச் சொன்னார்கள்: 10 கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக நுரையீரல் வழியே வெளியேறும், 1.6 கிலோ தண்ணீராகும். காட்டில் இலை இழுத்ததை மனிதர் மூச்சாக விடுகிறார்.

இந்தப் பயணம் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. எடை இறங்க இறங்க, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கும் அளவும் குறைகிறது. இறங்கிய எடைக்கு எதிர்பார்ப்பதைவிடவும் அதிகமாகக் குறைவதுண்டு. பஞ்சத்தைத் தாங்கப் பழகிய உடம்பின் தற்காப்பு அது. தசையும் கரைந்தால் இன்னும் மந்தம். ஆபரேஷன் முடிந்து ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எடை நின்றுபோனாலோ கொஞ்சம் ஏறினாலோ, “வாயைக் கட்டத் தெரியல” என்று வீட்டார் ஏசுவது அநியாயம்.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் தினமும் 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் சாப்பிடுங்கள், தசைக்கு வேலை கொடுங்கள். பி12, இரும்புச்சத்து மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.