ரிவர்ஸ்டன் மலையடியில் பார்த்த விண்வெளிப் படம்

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாக மேலேறும் வீதி, ரிவர்ஸ்டனை அடையும்போது பெரும்பாலும் மூடுபனிக்குள் மறைந்துவிடும். நக்கிள்ஸ் மலைத்தொடரின் காற்று அங்கே ஓய்வதில்லை. உச்சியில் நிற்கும் தொலைத்தொடர்புக் கோபுரம் சில வேளைகளில் முழுமையாகத் தெரியும்; சில வேளைகளில் அடிப்பகுதி மட்டுமே தெரியும். அண்மையில் அம்மலையடியில் வாழும் என் பள்ளித் தோழர் ஒருவரின் வீட்டில் இரண்டு நாட்கள் தங்க நேர்ந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியரான அவருக்குக் கனடாவிலுள்ள மகன் ஓர் இறுவட்டுப் பொதியை அனுப்பியிருந்தார். எல்லாம் பழைய விஞ்ஞானப் புனைகதைத் திரைப்படங்கள். உயர்தெளிவு வடிவில் மறுபதிப்புச் செய்யப்பட்டவை. அன்றிரவு மழை பெய்துகொண்டிருக்க, 1968ஆம் ஆண்டு வெளியான ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யை நாங்கள் இருவரும் பார்த்தோம்.

அதே படத்தை முன்னர் ஒருமுறை வாடகை வீடியோ கசெட்டில் பார்த்திருக்கிறேன். அப்போது விண்வெளி கறுப்பாக இல்லை. சாம்பல் நிறத்தில் கோடுகள் ஓடிக்கொண்டிருந்தன. இப்போதோ, எடையற்ற நிலையில் கழிவறையைப் பயன்படுத்துவது எப்படி என்று விண்கலத்தின் கதவருகே எழுதப்பட்டிருக்கும் நீண்ட அறிவுறுத்தலை, படத்தை நிறுத்தி வாசித்துச் சிரிக்க முடிந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு படம், நேற்று எடுத்தது போல் எங்கள் முன் நின்றது.

இதன் கணக்கு எளிமையானது. நம்மவர் வீடுகளில் ஒரு காலத்தில் குவிந்து கிடந்த வீசீடீ இறுவட்டில் ஒரு படச்சட்டம் 352க்கு 288 புள்ளிகளால் ஆனது. 2006இல் சந்தைக்கு வந்த புளூ-ரே இறுவட்டில் அது 1920க்கு 1080. அதாவது ஏறத்தாழ இருபது மடங்கு. 2016இல் வந்த 4கே இறுவட்டில் எண்பது மடங்குக்கும் மேல். ஆனால் புள்ளிகளைப் பெருக்குவதால் மட்டும் படம் தெளிவாகிவிடாது. அத்தனை புள்ளிகளையும் நிரப்புவதற்கு மூலச்சுருளில் விவரம் இருந்தாக வேண்டும். குப்ரிக்கின் படம் 65 மில்லிமீற்றர் அகலச் சுருளில் எடுக்கப்பட்டது. அந்த மூலச்சுருள் கெடாமல் இருந்தபடியால்தான் அதிலிருந்து 2018இல் 4கே இறுவட்டை உருவாக்க முடிந்தது. இறுவட்டு நமக்குக் காட்டுவது தொழில்நுட்பத்தின் ஆற்றலை மட்டுமன்று; யாரோ ஒருவர் எதையோ பத்திரமாக வைத்திருந்தார் என்பதையுமே.

இப்படத்துக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவை வாசகர்கள் அறிவார்கள். 1964ஆம் ஆண்டு குப்ரிக் கடிதம் எழுதிக் கூட்டாளியாக அழைத்த ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்துகொண்டிருந்தவர். 2008 மார்ச் மாதம் கொழும்பிலேயே காலமானார். செய்மதி வழித் தொடர்பாடல் பற்றி 1945இலேயே எழுதிய அவருக்கு, 1975இல் இந்தியா தனது செய்மதித் தொலைக்காட்சிப் பரிசோதனையின்போது கொழும்பு வீட்டில் ஒரு பெரிய வாங்கியைப் பொருத்திக் கொடுத்தது. இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் எதுவும் தொடங்கப்படாத காலம் அது. அவரது ‘த ஃபவுன்டன்ஸ் ஒஃப் பாரடைஸ்’ (1979) நாவலுக்குச் சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் களம் கொடுத்தன. கதைக்காக நம் தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே பூமத்திய ரேகைக்கு நகர்த்தியதாக அவரே எழுதினார். சிகிரியா இருப்பது எங்கள் மாத்தளை மாவட்டத்தில். விஞ்ஞானப் புனைகதை எங்கோ தொலைதூரத்துச் சரக்கு என்று இம்மாவட்டத்தவர் எவரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அந்த விண்வெளிக் கனவின் சுருள்கள் பாதுகாக்கப்படுவது நம் தீவில் அன்று. அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஹட்சின்சன் என்ற ஊரில், நிலத்துக்குக் கீழே சுமார் 650 அடி ஆழத்தில், பழைய உப்புச் சுரங்கமொன்று இருக்கிறது. ஹொலிவூட் நிறுவனங்கள் பல தம் மூலச்சுருள்களை அங்கே வைத்திருக்கின்றன. ஈரமில்லை, வெப்பநிலை மாறுவதில்லை. படச்சுருளுக்கு ஈரமும் வெப்பமும் எமன். அசிற்றேற்றுச் சுருள் ஈரத்தில் சிதையத் தொடங்கினால் வினாகிரி மணம் வீசும், சுருங்கும், வளையும், பிறகு அதை மீட்கவே முடியாது. ரிவர்ஸ்டன் அடிவாரத்தில் உட்கார்ந்து இதை எண்ணிப் பார்த்தேன். என் தோழரின் அலுமாரியில் இருந்த பழைய கசெட்டுகளைத் திறந்தபோது, நாடாவின் மேல் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

பாதுகாப்பு என்பது எப்போதும் பெரிய நிறுவனங்களின் வேலை என்றும் நினைக்க வேண்டாம். ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘மெட்ரோபொலிஸ்’ 1927 ஜனவரியில் பெர்லினில் திரையிடப்பட்ட சில மாதங்களுக்குள் வெட்டிக் குறைக்கப்பட்டது. ஏறத்தாழ நாலிலொரு பங்கு அழிந்தே போயிற்று என்று எண்பது ஆண்டுகள் உலகம் நம்பியது. 2008இல் ஆர்ஜென்டீனாவின் புவனஸ் அயர்ஸ் நகரத் திரைப்பட அருங்காட்சியகத்தில் ஒரு 16 மில்லிமீற்றர் பிரதி அடையாளம் காணப்பட்டது. அந்நாட்டு விநியோகஸ்தர் ஒருவர் அக்காலத்தில் கொண்டு சென்ற முழுப்படம், ஒரு சேகரிப்பாளர் கைக்கு மாறி, பின்னர் 16 மில்லிமீற்றரில் நகலெடுக்கப்பட்டு, அங்கே உறங்கிக் கிடந்தது. அதிலிருந்து மீட்ட சுமார் 25 நிமிடங்களும் சேர்க்கப்பட்டு 2010 பெப்ரவரியில் பெர்லினில் திரையிடப்பட்ட படம், அதே ஆண்டு நவம்பரில் புளூ-ரே இறுவட்டாகவும் வந்தது. மீட்கப்பட்ட காட்சிகளில் கீறல்கள் மழைபோல் விழுகின்றன. அவற்றை முற்றாக நீக்க முடியவில்லை. எனக்கு அக்கீறல்களே அப்படத்தின் மிக மதிப்புக்குரிய பகுதியாகத் தோன்றின.

மறுபதிப்பு என்பது ஒரு பொறுப்பும் ஆகும். 1953ஆம் ஆண்டின் ‘த வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்’ படத்தில் செவ்வாய்க் கிரகவாசிகளின் ஊர்திகள் மெல்லிய கம்பிகளில் தொங்கவிடப்பட்டவை. ஆரம்பகால டெக்னிகலர் பிரதிகளில் அக்கம்பிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. பிற்காலப் பிரதிகளிலும் வீட்டுப் பதிப்புகளிலும் அவை பளிச்சிட்டன. 2018இல் படத்தை மீளமைத்தவர்கள் அவற்றை மறைத்தார்கள். இது வரலாற்றைத் திருத்துவதா என்று கேட்போர் உண்டு. அன்றைய ரசிகன் திரையில் எதைக் கண்டானோ அதையே இன்றைய ரசிகனுக்கும் காட்டுவது திருத்தமாகாது என்பது என் கருத்து. ஆயினும் அதைத் தீர்மானிப்பதற்கேனும் மூலப்பிரதி ஒன்று நம் கையில் இருக்க வேண்டுமல்லவா?

தமிழுக்கு வருகிறேன். நம்மிடமும் இத்தகைய படங்கள் இருந்தன. சேலம் மொடர்ன் தியேட்டர்ஸ் 1952இல் அமெரிக்க இயக்குநர் வில்லியம் பெர்க்குடன் இணைந்து எடுத்த ‘காடு’, இந்தியக் காட்டுக்குள் அழிந்துபோன மாமத யானைகளை நடமாடவிட்டது. 1963இல் ஏ. காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’, இந்தியத் திரையில் வேற்றுக் கிரகவாசிகள் தோன்றிய முதற்படம் என்று பலராலும் குறிப்பிடப்படுகிறது. இசை கற்பதற்காகப் பூமிப் பாடகியான பானுமதியை வேற்றுக் கிரகத்தார் கவர்ந்து செல்வதும், எம்.ஜி.ஆர். அங்கே போய் மீட்பதுமே கதை. கலைக்காகக் கிரகம் விட்டுக் கிரகம் வரும் அந்தக் கற்பனை, இன்று எண்ணினாலும் அழகானது.

‘கலை அரசி’யை நான் முதலில் பார்த்தது ரிவர்ஸ்டனுக்குக் கீழேயுள்ள தேயிலைத் தோட்டமொன்றின் மைதானத்தில். எனக்கு அப்போது ஒன்பது வயது. என் தந்தையாரின் நண்பர் ஒருவர் 16 மில்லிமீற்றர் படக்கருவியையும் சில படச்சுருள்களையும் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய்ப் படம் காட்டுவார். ‘படக்கார மாமா’ என்றே பிள்ளைகள் நாங்கள் அவரை அழைப்போம். இரண்டு கம்பங்களுக்கிடையில் கட்டிய வெள்ளைத் துணி காற்றில் உப்பும். நம்பியாரின் முகமும் அதனோடு உப்பும். படம் முடிந்து லயங்களுக்குத் திரும்பும்போது, வேற்றுக் கிரகவாசிகள் இறங்குவதானால் ரிவர்ஸ்டன் உச்சியில்தான் இறங்குவார்கள் என்று நாங்கள் உறுதியாக நம்பினோம்.

1983 ஜூலையில் மாத்தளை நகரில் தமிழரின் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது படக்கார மாமாவின் வீடும் எரிந்தது. அவரும் குடும்பத்தினரும் உயிர் தப்பினர். படக்கருவியும் சுருள்களும் தப்பவில்லை. அதே நாட்களில் கொழும்புக்கு அருகே ஹெந்தளையில் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோவும் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த ஏராளமான திரைப்படங்களின் மூலச்சுருள்கள் சாம்பலாயின. குணரத்தினம் தமிழர், ஆனால் அவர் தயாரித்தவற்றுள் பெரும்பாலானவை சிங்களப் படங்கள். லெஸ்ட்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘சந்தேசய’வும் (1960) அவர் தயாரித்ததே. தமிழன் ஒருவனுக்கு மூட்டிய தீயில் சிங்கள மக்களின் சினிமாவும் வெந்தது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000க்கும் மேற்பட்ட நூல்கள் எரிந்ததை நாம் ஆண்டுதோறும் நினைவுகூருகிறோம்; நினைவுகூரவும் வேண்டும். ஆனால் எரிந்த படச்சுருள்களுக்காக எவரும் ஒரு பட்டியல்கூட முழுமையாக இட்டதாக நான் காணவில்லை. தீ மட்டும்தான் குற்றவாளி என்றும் சொல்ல மாட்டேன். தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று இல்லை. அதை எந்தக் கலவரக்காரனும் எரிக்கவில்லை. நம் அலட்சியமே அழித்தது.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. ‘கர்ணன்’ (1964) எண்ணிம முறையில் புதுப்பிக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரைக்கு வந்தபோது நூறு நாட்களைத் தாண்டி ஓடியது. சுமித்ரா பீரிஸின் ‘கெஹெனு லமய்’ (1978) மீளமைக்கப்பட்டு 2025 மே மாதம் கான் விழாவில் திரையிடப்பட்டது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் காப்பாற்ற 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ முயற்சி எத்தனை பெரிய ஆவணக் களஞ்சியமாக வளர்ந்தது என்பதை உலகெங்குமுள்ள வாசகர்கள் அறிவார்கள். அந்தச் சிரத்தையில் ஒரு பங்கேனும் படச்சுருள்களுக்கும் வேண்டும்.

எனவே ஒரு வேண்டுகோள். ரொறன்ரோவிலோ, பரிசிலோ, சென்னையிலோ, பினாங்கிலோ உங்கள் பெரியவர்களின் பரணில் துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்று கிடக்கலாம். அதற்குள் சுருள் இருந்தால் வெயிலில் காய வைக்க வேண்டாம். பழைய படக்கருவியில் பூட்டி ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம். குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் வைத்து, திரைப்பட ஆவணக்காப்பகம் ஒன்றுக்கு அறிவியுங்கள். புவனஸ் அயர்ஸில் கிடைத்ததும் 16 மில்லிமீற்றர் பிரதிதான். படக்கார மாமாவிடம் இருந்ததும் அதுவேதான்.

படம் முடிந்து நாங்கள் திண்ணைக்கு வந்தபோது மழை ஓய்ந்திருந்தது. தோழர் அந்த இறுவட்டைத் துணியால் துடைத்து உறைக்குள் வைத்தார். ‘கலை அரசி’ இப்படி வருமா?’ என்று கேட்டார். எவரேனும் ஒருவர் அதன் நல்ல பிரதியொன்றை வைத்திருந்தால் வரும் என்றேன்.