டோலியும் மலைப் பஸ்ஸும்

அன்றைய சென்னை ராஜதானியின் சித்தூர் ஜில்லாவில், ஏழுமலையின் அடிவாரத்தில், அடிப்புளி என்பதே மருவி அலிபிரி ஆயிற்று என்று வைணவப் பெரியோர் கூறும் இடத்தில், ரெயிலிலிருந்து இறங்கி வந்து நின்ற வயோதிகர்களுக்கும் நோயாளிகளுக்கும் 1944-க்கு முன்பு இரண்டே வழிகள் இருந்தன. ஏழு மைல் தூரத்தையும் 3,500-க்கு மேற்பட்ட படிகளையும் தம் கால்களால் கடப்பது ஒன்று. பிறர் தோளில் ஏறிக் கடப்பது மற்றொன்று.

அந்தத் தோள் வாகனத்துக்கு டோலி என்று பெயர். மூங்கில் தண்டு, அதிலிருந்து கயிற்றால் தொங்கும் சிறு ஆசனம், முன்னும் பின்னும் இரண்டிரண்டு ஆட்கள், அவ்வளவுதான். படியின் உயரத்துக்கேற்ப முன்னவர் குனிய, பின்னவர் தண்டை நிமிர்த்திப் பிடிக்க, உள்ளே இருப்பவர் சரியாமலிருக்கக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, தம்மைச் சுமப்பவரின் மூச்சிரைப்பைக் காதருகில் கேட்டுக்கொண்டே வழியெல்லாம் போகவேண்டும். முழங்கால் முறிச்சான் என்று பெயர் பெற்ற செங்குத்தான படிகளில் அந்த இரைப்பைக் கேட்டவர், தம் பக்தியைப் பற்றி அதிகம் பெருமைப்பட்டிருக்க முடியாதென்றே நினைக்கிறேன். மலையை ஆதிசேஷனாகவே கருதிய ஸ்ரீ ராமாநுஜர், அதன்மேல் பாதம் படலாகாதென்று முழங்காலால் ஏறினார் என்பது ஐதிகம். டோலியில் போனவரும் தம் பாதம் மலைமேல் படவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். தூக்கியவர்களின் எட்டுப் பாதங்களுக்கு யார் சமாதானம் சொல்வது?

ஹாதிராம்ஜி மடத்து மஹந்துகளிடம் 1843 முதல் இருந்துவந்த கோயில் நிர்வாகம் 1933-இல் தேவஸ்தானக் கமிட்டியின் கைக்கு மாறிய பின்னரே மலைக்கு வண்டிப் பாதை அமைந்தது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த, பெட்ரோல் பஞ்சத்தால் ராஜதானியின் பஸ்கள் பலவும் கரியை எரித்து அந்த வாயுவில் ஓடிய 1944-ஆம் ஆண்டில், ஏறக்குறைய 12 மைல் நீளமும் 36 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்ட அந்தப் பாதை திறக்கப்பட்டது. நேரே ஏறும் படிவழியைவிடத் தூரம் அதிகம். ஆயினும் பாதி நாள் சிரமம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிட்டது. புறப்படுமுன் சூடம் காட்டித் தேங்காய் உடைப்பது, முதல் கியரில் என்ஜின் முனகுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் வார்ப்பது, சக்கரத்தடியில் வைக்கக் கட்டையோடு கிளீனர் குதிப்பது என்று மலைப் பஸ்ஸுக்கும் தனிச் சடங்குகள் இருந்தன. டோலியில் மனிதனுக்கு மூச்சிரைத்தது; இங்கே இயந்திரத்துக்கு இரைத்தது. வண்டிக்குள் அமர்ந்தவர் யாருக்கும் கடமைப்பட்டவரல்லர், டிக்கெட்டுக்குக் காசு கொடுத்திருந்தால் போதும். டோலி குறைந்ததற்காக வருந்துவோரின் கட்சியில் நான் சேரமாட்டேன். மனிதன் மனிதனைச் சுமப்பதில் அழகு காண்பது, பெரும்பாலும் சுமக்கப்பட்டவர்களின் வழக்கம்.

1974-இல் இரண்டாவது பாதை அமைந்தபின் பழைய பாதை இறங்குவதற்கு மட்டும் ஆயிற்று. முழங்கால் முறிச்சானுக்குச் சற்றுக் கீழே, நடைபாதை அந்தச் சாலையை ஒட்டியே சிறிது தூரம் செல்கிறது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை இறங்கும் பஸ்ஸின் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க, வேர்வை வழிய மேலே ஏறிக்கொண்டிருக்கும் பாட்டி நின்று "கோவிந்தா" என்கிறாள். வளைவில் மறையுமுன் பஸ்ஸிலிருந்தும் அதே குரல் வருகிறது.