கொம்புமுறியும் விளையாட்டறமும்

விளையாட்டின் முன்னும் பின்னும் இரு கட்சியாரும் ஒழுகவேண்டிய முறைகள் யாவும் ஆங்கிலேயர் கற்பித்தனவே என நம்மவருட் பலர் கருதுவர். இக்கருத்துப் பொருந்துமா என்பதை நம் நாட்டுப் பழைய விளையாட்டொன்றைக் கொண்டு ஆராய்வாம்.

மட்டக்களப்புப் பகுதியிற் கண்ணகி வழிபாட்டோடு இணைந்து நிகழ்வது கொம்புமுறி. ஊரவர் வடசேரி, தென்சேரி என இரு பிரிவினராவர். முன்னையது கோவலன் கட்சி. பின்னையது கண்ணகி கட்சி. வளைந்த கொம்புகள் இரண்டினை ஒன்றோடொன்று கோத்து, வடம் பூட்டி, இருபுறமும் நின்று இழுப்பர். எவர் கொம்பு முறிகின்றதோ அவரே தோற்றவர். மலைநாட்டுச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்தின் பொருட்டு ஆடும் அங்கெலியவும் இவ்வகையினதே. ஆங்கு மேற்கட்சி, கோவலனாகிய பாலங்கனுக்கும், கீழ்க்கட்சி பத்தினிக்கும் உரியன.

மாத்தளையையும் உள்ளடக்கிய கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயராகிய றொபேட் நொக்ஸ் என்பார், 1681 இல் இலண்டனில் வெளியிட்ட தமது நூலில் இவ்விளையாட்டை வருணித்துள்ளார். நாட்டினின்றும் துன்பமும் நோயும் நீங்குமென நம்பியே மக்கள் இதனை ஆடினர் என்றும், எக்கட்சியின் மேலும் எவரும் பணம் பந்தயம் வைப்பதில்லை என்றும் அவர் கூறுவர். இவ்விரு செய்திகளும் சிந்திக்கத்தக்கன. வென்றவர்க்குப் பொருள் இல்லை; தோற்றவர்க்கும் இழப்பில்லை. ஆட்டத்தின் பயன் இருவர்க்கும் பொது. நம் மாத்தளை முத்துமாரியம்மனின் மாசிமகப் பஞ்சரத விழாவில் யாவரும் தேர்வடத்தை ஒரு திசை நோக்கி இழுக்கின்றோம். கொம்புமுறியில் இழுப்போர் திசை இரண்டாயினும், வேண்டுதல் ஒன்றேயாம்.

எனினும் நொக்ஸ் மற்றொன்றும் கூறுகின்றார். வென்ற கட்சியார் ஆடிப்பாடி, எழுதவும் கூசும் இழிசொற்களைப் பேசினர். முன்னர்த் தானும் இதில் ஈடுபட்ட மன்னன் இரண்டாம் இராசசிங்கன், பின்னர் அதனைக் கைவிட்டுத் தண்டம் விதித்துத் தடைசெய்தான். ஆயினும் கிராமங்களில் இவ்வாட்டம் அழிந்துவிடவில்லை. வசையும் சடங்கின் ஒரு கூறே, அடக்கிவைத்த பகை அவ்வாறு வெளிப்பட்டு ஒழியும் என்பாருமுளர். அதில் ஓரளவு உண்மையுண்டு. ஆயின் தோற்றவன் செவியில் விழுந்த சொல், சடங்கு முடிந்ததும் மறைந்துவிடும் என்பதற்கு யார் பிணை?

ஆகவே, ஆட்டத்தின் தொடக்கத்தை எவ்வாறு தூய்மையாக்குவது என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். எதிர்க்கட்சியும் தன் ஊரே, தன் தெய்வத்தின் மக்களே என்னும் உணர்வைச் சடங்கு முதலிலேயே ஊட்டிற்று. வெற்றிக்குப் பின் நாவடக்கம் வேண்டும் என்பதிலே அம்மரபு குறையுடையதாயிற்று. ஆட்டம் முடிந்தபின் கைகுலுக்கும் வழக்கம் அக்குறையை நிரப்புகின்றது. முன்னதை நம்மவரிடமும் பின்னதைப் பிறரிடமும் கற்பதில் இழுக்கொன்றுமில்லை.

இன்று நம் கல்லூரி மைதானங்களில் நாணயம் சுண்டுதலும் கைகுலுக்கலும் நாடோறும் நிகழ்கின்றன. அவை வெறும் கைப்பழக்கமாகிவிடின் பயனில்லை. எதிர்நின்று ஆட ஒருவன் இன்றேல் நமக்கு ஆட்டமே இல்லை என்பதை மாணவர் உணர்ந்து செய்வாராயின், அதுவே விளையாட்டறமாம்.