பழைய பெட்டியும் பழைய கம்பியூட்டரும்

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்கொன்றால் நாடு முழுவதும் கரண்ட் போனது. அப்படியான நாட்களில்தான் வீட்டு மூலையில் வருடக்கணக்காக நிற்காமல் ஓடிய நாஸ் பெட்டி தன் வயதைக் காட்டும். ரவுட்டரோடு வயரால் இணைத்து, வீட்டிலுள்ள போன், லப்டொப் எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்திருக்கும் அந்த ஹார்ட் டிஸ்க் பெட்டி ஓடும்வரை ஓடும். ஒருமுறை முழுதாகக் குளிர்ந்துவிட்டால் எழும்ப மறுக்கும்.

எழும்ப மறுத்த இரண்டு பெட்டிகளைப் பார்க்கக் கிடைத்தது. ஒன்று வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கத்துத் தொடர்மாடியில். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் இங்கே. மற்றது கொட்டாஞ்சேனையில், கலியாண வீடியோ எடுக்கும் சிறிய ஸ்டூடியோவில். இரண்டுமே இரண்டு டிஸ்க் போடும் வகை, ஏறத்தாழ ஒரே வயது. வெள்ளவத்தைக்காரர் பெட்டியைத் திருத்தினார். கொட்டாஞ்சேனைக்காரர் அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட கம்பியூட்டரை வாங்கி அதையே நாஸாக மாற்றினார். இரண்டில் எது கெட்டித்தனம் என்பதற்குப் பெட்டியைப் பார்த்து மட்டும் பதில் சொல்ல முடியாது.

முதலில் திருத்தம். இந்த வகைப் பெட்டி செத்துவிட்டதென்று சொல்லப்படும்போது பலமுறை செத்திருப்பது அடாப்டர்தான். 12 வோல்ட், 5 அம்பியர் அடாப்டர். மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் ஒழுங்காகக் காட்டும், ஆளும் ஏமாந்துபோவார். 3.5 அங்குல டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் நொடியில் 2 அம்பியர் வரை இழுக்கும். இரண்டும் ஒன்றாக இழுக்க, உள்ளே கப்பாசிட்டர் காய்ந்துபோன அடாப்டர் அந்த நொடியில் சரிந்துவிடும். விளக்கு மினுங்கும், டிஸ்க் ஒரு சுற்று முனகும், பிறகு அமைதி. டிஸ்க்குகளைக் கழற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டால் பெட்டி உயிர்பெறும். அப்படி உயிர்பெற்றால் முதல் சந்தேகம் அடாப்டர்மேல்தான் விழவேண்டும். வெள்ளவத்தையில் நடந்தது இதுதான். அதோடு கடற்காற்று வேறு: விசிறி இறுகியிருந்தது, டிஸ்க் பொருந்தும் பித்தளை நிறப் பற்களில் மங்கல் படிந்திருந்தது. அடாப்டர், விசிறி, மணிக்கூட்டுக்கான சிறு பட்டரி, கொஞ்சம் ஐசோபுரோப்பைல் அல்ககோல். பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு ஒரு நடை, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஒரு நடை, பெட்டியைத் திருத்த அவ்வளவே செலவு.

எல்லாப் பெட்டியும் இவ்வளவு இலகுவில் மன்னிக்காது. இன்டெல் அட்டம் சி2000 சில்லு போட்ட பெட்டிகளில், சினோலஜி டிஎஸ்415 பிளஸ், டிஎஸ்1815 பிளஸ் போன்றவற்றில், சில்லுக்குள்ளேயே ஒரு குறை இருந்தது 2017 தொடக்கத்தில் வெளியே வந்தது. நேரத் துடிப்பு தரும் கால் நாள்போக்கில் பலவீனமாகி, ஒருநாள் பெட்டி தொடங்காமலே போகும். உலகெங்கும் திருத்துபவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், போர்டில் இரண்டு முனைகளுக்கிடையே 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஈயம் வைத்துப் பற்றவைப்பது. சில ரூபாச் சாமான். ஆனால் சில்லின் தேய்வு அதனால் நிற்பதில்லை, கொஞ்சக்காலம் தள்ளிப்போகிறது. அந்த அவகாசத்தில் உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட வேண்டும்.

ஈயத்தால் திருத்த முடியாத இன்னொரு முதுமையும் உண்டு. பழைய பெட்டிகள் சில, கோப்புப் பரிமாற எஸ்எம்பி முதலாம் பதிப்பு மட்டுமே அறிந்தவை. 2017 மே மாதம் வன்னாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் கடைசியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே நிறுவப்படுவதில்லை. புது லப்டொப் வாங்கியதும் 'பெட்டி தெரியவில்லை' என்று முறைப்பாடு வருவதற்கு இது ஒரு காரணம். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் கதை இன்னும் மோசம். 2015-இல் மென்பொருள் ஆதரவு நின்றது. 2021 ஜூனில் இணையத்தோடு இணைந்திருந்த பல பெட்டிகளை வெளியாட்கள் தூரத்திலிருந்தே வெறுமையாக்கினார்கள். ஆகவே திருத்திய பழைய பெட்டியை வீட்டு வலைக்குள் மட்டும் வைத்திருக்கலாம். ரொறன்ரோவிலிருக்கும் மகள் நேரே அதைத் திறந்து படம் பார்க்க வழிசெய்து கொடுப்பது வேண்டாத வேலை.

கொட்டாஞ்சேனை வழியின் பலம் இங்கேதான். கழித்துவிட்ட டெஸ்க்டொப்பில் ஓப்பன்மீடியாவோல்ட் போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் அது லினக்ஸின் டெபியன் மேல் ஓடும், பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வரும். மெமரியைக் கூட்டலாம். எது பழுதானாலும் இன்னொன்று கடையில் கிடைக்கும். ஒரு விதிவிலக்கு: டெல் ஒப்டிபிளெக்ஸ் மாடல்கள் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பு டெல்லுக்கே உரியது, சாதாரண சப்ளை பொருந்தாது. ஒடுக்கமான கேஸ் வேறு ஒரேயொரு பெரிய டிஸ்க்குக்குத்தான் இடம் கொடுக்கும். மூடியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்கக்கூடாது.

அதன் பலவீனம் மின்கட்டணச் சீட்டில் தெரியும். சிறு நாஸ் பெட்டி 20 வாட் என்று வைத்தால் மாதம் சுமார் 14 அலகு. டெஸ்க்டொப் 50 வாட் என்றால் 36. வித்தியாசம் 22 அலகுதானே என்று விடமுடியாது. 60, 90, 120, 180 என்று அலகு எல்லை தாண்டத்தாண்ட விலையும் நிலையான கட்டணமும் ஏறுகிற இந்த நாட்டில், எல்லையோரம் நிற்கும் வீட்டுக்கு அது வலிக்கும். ஓய்வூதியத்தில் வாழும் வெள்ளவத்தைத் தம்பதியருக்கு வலிக்கும். நாளெல்லாம் வீடியோ வெட்டும் ஸ்டூடியோவுக்கு அது கணக்கிலேயே வராது. கட்டளை வரியைப் பார்த்துப் பயப்படாத ஒரு பொடியன் ஸ்டூடியோவில் இருந்தான் என்பதும் சேர்த்துச் சொல்லவேண்டியது. தொடர்மாடியில் அப்படி யாருமில்லை.

இரண்டு வழியிலும், வயதான டிஸ்க்குகளுக்குப் பதிலாகப் புது டிஸ்க் வாங்கத்தான் வேண்டும். அதிலும் கவனம் தேவை. கூரை ஓடுபோல எழுத்துத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவைக்கும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகளை நாஸுக்கான 'ரெட்' பெயரில் சொல்லாமலே விற்றதை வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020 ஏப்ரலில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. படியாத தடங்கள் கொண்டவை இப்போது 'ரெட் பிளஸ்'. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி இருக்கும்படி வைத்தால், புது டிஸ்க்கைச் சோடி சேர்க்கும்போது பழைய டிஸ்க் முழுவதும் ஒரே மூச்சில் வாசிக்கப்படும். 4 டெராபைட், விநாடிக்கு 100 மெகாபைட் என்றால் 11 மணித்தியாலம். களைத்த டிஸ்க் அந்த ஓட்டத்தில்தான் விழும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட ஊரில் யூபிஎஸ் இல்லாமல் அதைத் தொடங்கக்கூடாது. தொடங்குமுன் ஒரு யூஎஸ்பி டிஸ்க்கில் தனிப்பிரதி எடுத்துவைக்க வேண்டும்.

1983 ஜூலை இனக்கலவரத்தில் வெள்ளவத்தையில் எரிந்த வீடுகளோடு கலியாண அல்பங்களும் காணி உறுதிகளும் போயின. இங்கே ஒரு பிரதி எப்போதும் வேறு கூரையின்கீழ் இருக்கவேண்டும் என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. டிஸ்க் இரண்டு இருந்தாலும் பெட்டி ஒன்றுதான்.

என் தீர்ப்பு ஸ்டூடியோ பக்கம் சாய்கிறது, ஒரு திருத்தத்தோடு. சினோலஜி போன்ற பெட்டிகளின் டிஸ்க்குகள் பெரும்பாலும் லினக்ஸின் வழக்கமான முறையில் எழுதப்பட்டவை. பெட்டி இறந்தாலும் கம்பியூட்டரில் செருகி வாசித்துவிடலாம். மை புக் லைவில் அது இலகுவில் நடக்காது, அதன் கோப்பமைப்பின் 64 கிலோபைட் துண்டுகளைச் சாதாரணக் கம்பியூட்டரில் ஓடும் பல லினக்ஸ் பதிப்புகள் நேரடியாக ஏற்காது. முடிந்தவர்கள் அன்றாட வேலையைக் கம்பியூட்டருக்கு மாற்றி, திருத்திய பெட்டியைத் தம்பி வீட்டிலோ மாமி வீட்டிலோ இரண்டாம் பிரதிக்கு வைக்கலாம். குறித்த நேரத்தில் தானாக எழும்பி அணையும் வசதி அவற்றில் பலவற்றில் உண்டு. கிழமைக்கு ஒருமுறை யூஎஸ்பி டிஸ்க்கோடு போய்ப் பிரதியெடுத்துவிட்டு வந்தால் போதும். ஒருநாள் எழும்பாவிட்டால் முதலில் அடாப்டரைப் பாருங்கள்.